ஆகஸ்ட் மாதத்து மறதி

வெண்டல் ஓஸ்ட் என்ற மாணவன் மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டிய தொகை இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட். அந்த ஐம்பது சென்ட்டைப் பார்த்துத்தான் அவனுக்கு எரிச்சல் வந்தது. இரண்டாயிரத்து எண்ணூறைக் கேட்கக் கூச்சப்படாதவர்கள் இந்தச் சில்லறையையாவது விட்டிருக்கலாம்.

பதினோரு நிமிட ஆம்புலன்ஸ் பயணம், ஒரு தலை ஸ்கேன், ஒரு பை உப்புநீர், மூன்று மணி நேரப் படுக்கை. அதற்குத்தான் அந்தத் தொகை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாததைப் பார்க்கவும் அதே விலைதான்.

நடந்தது இதுதான். அக்டோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, வேதியியல் ஆய்வகத்தில் வெண்டல் குழாயில் அமிலத்தை அளந்துகொண்டிருந்தான். தலைக்கு மேலே விளக்குகள் கத்துவது போல இருந்தன. அளவுக்கோடு இரண்டாகத் தெரிந்தது. அடுத்த கணம் கழுவு தொட்டியில் வாந்தி எடுத்தான். அப்படியே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். இருநூற்றெண்பது பவுண்டு உடம்பு தரையில் உட்கார்ந்தால் தூக்கி நிறுத்த யாரால் முடியும்? ஆசிரியை ஆம்புலன்ஸை அழைத்தார்.

"தலையில அடி பட்டுச்சா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"இல்லை" என்றான். அது பொய்யில்லை. கோல்டர் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் மூன்று வருடமாக அவன் சென்டர், முன்வரிசை ஐந்து பேரில் நடுவில் நிற்பவன். குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் நிமிர்ந்து எதிரே நிற்பவனை முட்டித் தள்ள வேண்டும். பந்து ஒவ்வொரு முறை நகரும்போதும் ஒரு முட்டு. ஹெல்மெட்டோடு ஹெல்மெட் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு நாள் பயிற்சியில் நாற்பது, ஐம்பது முறை. ஆட்டத்தில் எழுபது. ஒரு தடவைகூட அவன் மயங்கி விழுந்ததில்லை. யாரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. வேகமாக ஓடிவந்து மோதுகிற பையன்கள்தான் விழுவார்கள், கூட்டம் எழுந்து நிற்கும், ஸ்ட்ரெச்சர் வரும். முன்வரிசை ஐந்து பேரை யாரும் பார்ப்பதே இல்லை. அவர்கள் பாட்டுக்கு முட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அம்மா முட்டை பொதி கட்டும் ஆலையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய காப்பீடு முதல் ஐயாயிரம் டாலர் வரைக்கும் கையை விரித்துவிடும் ரகம். கல்லூரியின் விளையாட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று அதற்கு எழுதினார்கள். அவர்கள் ஒரே பக்கத்தில் பதில் அனுப்பினார்கள். விளையாட்டில் காயம் பட்டதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே பணம் இல்லை.

அந்தக் கடிதத்தை லோரெட்டா பினெக்கின் மேஜை மேல் வைத்தான்.

லோரெட்டாவை எல்லாரும் ட்ரெய்னர் என்பார்கள். ஆட்டம் சொல்லித் தருகிற வேலை இல்லை அவருடையது. கணுக்காலுக்குப் பட்டி சுற்றுவது, தோளைத் திரும்ப மாட்டுவது, இவன் ஆடலாம், இவன் உட்காரட்டும் என்று முடிவு செய்வது, இதெல்லாம் அவர் தலையில். வயது முப்பத்தைந்து இருக்கும். நூற்றுப் பத்து பையன்கள், அவரும் ஒரு உதவியாளரும். காலை ஆறு மணிக்குப் பனிக்கட்டி இயந்திரத்தில் அகப்பை போடும் சத்தம் கேட்டால் லோரெட்டா வந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கையில் பாதி கடித்த சாண்ட்விச்சோடு யாராவது ஒருத்தனின் முழங்காலை அமுக்கிக்கொண்டிருப்பார்.

கடிதத்தைப் படித்துவிட்டு லோரெட்டா நாற்காலியில் சாய்ந்தார்.

"அவங்களைத் திட்டவும் முடியலப்பா. ஆகஸ்ட்ல சீசனுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் பரீட்சை எழுதினியே, ஞாபகப் பரீட்சை, அதுல நீ நூத்துக்கு அறுபத்தெட்டு. ஆம்புலன்ஸ்ல போயிட்டு வந்த மறுநாள் எழுத வெச்சேன். அறுபத்தேழு. ஒரு மார்க்குதான் கம்மி. மூளை போன மாதிரியே திரும்பி வந்திருக்குன்னு அவங்க சொல்றாங்க."

"ம்."

"ஆனா நீ வெளிச்சத்தைப் பாத்தா கண்ணை மூடிக்கிற. ஒரு பக்கம் படிக்க அரைமணி ஆகுதுங்கற. எது நிஜம்? நீயா, மெஷினா?"

வெண்டல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

"சரி போ. இந்தச் சனிக்கிழமை நீ ஆடல. மெஷின் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. என் கண்ணை நான் நம்பறேன்" என்றார் லோரெட்டா.

இங்கே முன்வரிசைக்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. வெண்டல் முதல் வருடம் வந்தபோது கடைசி வருடத்துக்காரன் ஒருவன் அவனைப் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னான். பரீட்சையில் வார்த்தைகளைக் காட்டுவார்கள், பிறகு எது எது வந்தது என்று கேட்பார்கள். நாலாவது, ஏழாவது, பத்தாவது வார்த்தையை மறந்துவிடு. அதற்கு மேல் மறக்காதே, மெஷின் பிடித்துவிடும். ஆகஸ்டில் கொஞ்சம் மந்தமாக இருந்துவைத்தால், அக்டோபரில் நிஜமாகவே மந்தமானாலும் இரண்டும் ஒன்றாகத் தெரியும், வெளியே உட்கார வைக்க மாட்டார்கள். இதற்கு 'ஆகஸ்ட் மறதி' என்று பெயரும் வைத்திருந்தார்கள். சொல்லிச் சிரிப்பார்கள். வெண்டல் அதைத் தன் பக்கத்தில் நிற்கும் தாடியஸ் பூனுக்குச் சொல்லிக்கொடுத்தான். தாட் அடுத்தவனுக்குச் சொன்னான். மோசடி என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஒருத்தன் இல்லாமல் நால்வர் நின்றால் பந்தை வைத்திருப்பவன் அடிபடுவான். அதனால் யாரும் வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த நியாயம்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தாட் எதிரே உட்கார்ந்தான். இருவரும் ஒரே அறைக்காரர்கள். தாட் எப்போதும் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை நக்கல் அடிப்பவன். இன்று தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"எங்க மாமா பையன் ட்ரக் வாங்கினான்ல" என்று ஆரம்பித்தான். "ரிவர்ஸ் கியர் வேலை செய்யாதாம். எங்க போனாலும் வட்டம் போட்டுத்தான் திரும்புவானாம். பைத்தியக்காரன், மெக்கானிக்கையும் தாண்டிப் போயிட்டு வட்டம் போட்டு வர்றான்."

வெண்டல் சிரித்தான். தாட் தட்டிலிருந்த பியரோகிக் கொழுக்கட்டையை வெட்டினான், தின்றான், பால் குடித்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"டேய், எங்க மாமா பையன் ட்ரக் வாங்கினான் தெரியுமா? ரிவர்ஸ் கியர் வேலை செய்யாதாம்."

வெண்டல் முட்கரண்டியைக் கீழே வைத்தான்.

"தாட். உனக்கு எத்தனை நாளா?"

"எத்தனை நாளா என்ன?"

"இப்பதான் சொன்ன. அதே ட்ரக். அதே வட்டம்."

தாடின் காது மடல் சிவந்தது. "நல்ல ஜோக்குன்னா ரெண்டு தடவை சொல்லலாம்டா."

"என்னைப் பாரு. வெளிச்சம் குத்துதா?"

"போடா டாக்டர்."

"குத்துதா இல்லையா?"

"மூணு வாரமா" என்றான் தாட் மெதுவாக. "காலைல எழுந்தா கழுத்துல யாரோ ஆணி அடிச்ச மாதிரி. அதுக்கென்ன? திங்கக்கிழமை எனக்கும் அந்த மெஷினை வெச்சாங்க. அறுபத்தொன்பது. ஆகஸ்ட்ல எவ்வளவோ அவ்வளவே. பாஸ்." அவன் முன்னால் சாய்ந்தான். "சனிக்கிழமை கடைசி ஆட்டம். அப்பா லீவு போட்டுட்டு ஒஹாயோவுலேருந்து வர்றாரு. மூணு வருஷத்துல ஒரு தடவை வர்றாரு. நீ ஏற்கெனவே வெளியே. உன் வாயைத் தொறந்து என்னையும் வெளியே தள்ளிடாத. சரியா?"

வெண்டல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அன்று மாலை முழுவதும் அவன் நடந்துகொண்டே இருந்தான். ஆற்றங்கரைச் சாலை, தேவாலயத்து வாகன நிறுத்தம், மறுபடி ஆற்றங்கரை. தன்னைப் பற்றி அவனுக்குப் பெரிய கவலை இல்லை. ஆகஸ்டில் ஏமாற்றியதாக எழுதிக்கொடுத்தால் கல்லூரியின் நேர்மைக் குழு முன்னால் நிற்க வேண்டும். அணியிலிருந்து நீக்கலாம். அந்தக் கடனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். பொய்ப் பரீட்சை எழுதியவனுக்கு எந்தக் காப்பீட்டுக்காரன் பணம் கொடுப்பான்? அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். மற்ற நால்வர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் சனிக்கிழமை எழுபது தடவை பந்து நகரும். எழுபது தடவை தாட் தலையை முன்னால் கொடுப்பான். அந்த 'டக்' சத்தம் வெண்டலுக்கு இப்போதே கேட்டது.

மறுநாள் காலை லோரெட்டா ஒரு கூடைப்பந்துப் பெண்ணின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தார். அவள் போகும் வரை காத்திருந்து வெண்டல் கதவைச் சாத்தினான்.

"ஆகஸ்ட்ல நான் வேணும்னே தப்பா எழுதினேன்."

லோரெட்டா கையிலிருந்த பட்டிச் சுருளைக் கீழே வைக்கவில்லை. "திரும்பச் சொல்லு."

"தெரிஞ்சே தப்புப் போட்டேன். அந்த அறுபத்தெட்டு என்னோடது இல்ல. நிஜமா எவ்வளவு வரும்னு எனக்கே தெரியாது. மூணு வருஷமா இப்படித்தான்."

"வேற யாரு?"

"நான் என்னைப் பத்தி மட்டும்தான் சொல்ல வந்தேன்."

அவர் அவனை உற்றுப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். அச்சு இயந்திரம் முன்வரிசை ஐவரின் ஆகஸ்ட் பரீட்சைத் தாள்களைத் துப்பியது. ஐந்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, ஒரு சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். நாலு, ஏழு, பத்து. நாலு, ஏழு, பத்து. ஐந்து தாளிலும்.

"கடவுளே" என்றார். "அஞ்சு பேரு. அஞ்சு தலை. எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஓட்டையாடா?"

வெண்டல் குனிந்து அந்த வட்டங்களைப் பார்த்தான்.

"நான் கூட்டுத்தொகையை மட்டும் பாத்தேன். மூணு வருஷமா. முன்வரிசைப் பசங்க, தடியனுங்க, கொஞ்சம் மந்தமாத்தான் இருப்பானுங்கன்னு நெனச்சுக்கிட்டேன். எதை எதை மறந்தீங்கன்னு ஒரு நாளாவது கீழே வரைக்கும் படிச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்." பேனாவை மூடினார். "உன்னை ஏமாத்துக்காரன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நானே தூங்கியிருக்கேன்."

பத்து நிமிடத்தில் மற்ற நால்வரையும் வகுப்பிலிருந்து வரவழைத்தார். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பழைய மதிப்பெண்ணே தேவைப்படாத சோதனைகள் அவரிடம் இருந்தன. பஞ்சு மெத்தை மேல் ஒற்றைக் காலில், கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். பேனா நுனியை இடமும் வலமும் அசைத்து, கண்கள் வழுக்காமல் பின்தொடர்கின்றனவா என்று பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே சுவரில் ஒட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். இரண்டு பேர் தேறினார்கள். மூன்றாமவனுக்கு வியர்த்துக் குமட்டியது. தாட் மெத்தை மேல் ஏறினான், கண்ணை மூடினான், மூன்று எண்ணுவதற்குள் வெட்டின மரம் போலச் சாய்ந்தான். லோரெட்டா குறுக்கே பாய்ந்து தாங்கியிருக்காவிட்டால் பனிக்கட்டித் தொட்டியில் மண்டை மோதியிருக்கும். அவரைவிட இரண்டரை மடங்கு எடை. இருவருமாகச் சுவரில் போய் இடித்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. கால் வழுக்கிடுச்சு" என்றான் தாட்.

"கால்லதான் ஒண்ணுமில்ல" என்றார் லோரெட்டா, மூச்சு வாங்கிக்கொண்டே.

வெளியே வந்ததும் தாட் வெண்டலின் சட்டையைப் பிடித்தான்.

"எங்கப்பா டிக்கெட் வாங்கிட்டாருடா."

"தெரியும்."

"உன்னை அண்ணன் மாதிரி நெனச்சேன்."

"அதனாலதான் சொன்னேன்."

"அந்த வசனத்தையெல்லாம் சர்ச்ல போய்ப் பேசு" என்று சட்டையை உதறிவிட்டுப் போனான். அன்றைக்கே தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வேறொருவன் அறைக்குப் போய்விட்டான்.

பயிற்சியாளர் ஹார்லன் ரிக்ஸ் சத்தம் போடுகிற மனிதர். முன்வரிசையில் மூன்று பேரை ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பிடுங்கினால் யார்தான் சத்தம் போட மாட்டார்கள்? லோரெட்டாவின் அறையில் அவர் கத்தியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. லோரெட்டா கத்தவில்லை. "கோச், இவனுங்க ஆடலாம்னு கையெழுத்து நான் போடணும். போட மாட்டேன். நீங்க வேணா என்னை வேலையை விட்டு அனுப்பிட்டு வேற ஆளைத் தேடுங்க. ஆனா சனிக்கிழமைக்குள்ள கெடைக்காது" என்றாராம். கேட்டவர்கள் சொன்னார்கள்.

சனிக்கிழமை கோல்டர் கல்லூரி நாற்பத்தொன்றுக்கு மூன்று என்று தோற்றது. சென்டராக நின்றது, அதுவரைக்கும் அந்த இடத்தில் நின்றே இராத ஒரு பையன். மூன்று தடவை பந்தை ஆள் தலைக்கு மேலே எறிந்தான். தாடின் அப்பா ஒஹாயோவிலிருந்து வந்தார். ஆடாத மகனின் பக்கத்தில், குளிரில், கறுப்புக் கண்ணாடி போட்ட மகனுக்குத் தன் கோட்டைப் போர்த்தி, ஆட்டம் முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

வெண்டல் ஒரு வருடம் ஆடக் கூடாது என்று நேர்மைக் குழு தடை விதித்தது. தானே முன்வந்து சொன்னதால் கல்லூரியை விட்டு அனுப்பவில்லை. வாயால் ஒப்புக்கொள்ளாத மற்றவர்களுக்கு எச்சரிக்கை மட்டும்.

பிறகு சிகிச்சை தொடங்கியது. இருட்டறையில் படுக்க வைப்பார்கள் என்று வெண்டல் நினைத்திருந்தான். லோரெட்டா சிரித்தார். "அதெல்லாம் பழைய காலம். ரெண்டு நாள் ஓய்வு போதும். அதுக்கப்புறம் மூளைக்கும் வேலை குடுக்கணும், ஆனா அழ வைக்கக் கூடாது." தினமும் அசையாத சைக்கிளில் இருபது நிமிடம். நாடி நூற்றுப் பதினைந்தைத் தாண்டக் கூடாது. தலைவலி தலைகாட்டும் எல்லைக்குக் கொஞ்சம் கீழேயே ஓட்ட வேண்டும். வாரா வாரம் அந்த எல்லை கொஞ்சம் மேலே போகும். பிறகு கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதிலேயே கண்ணை வைத்துத் தலையைத் திருப்ப வேண்டும். முதல் நாள் பத்துத் தடவைக்குள் வாய் நீர் ஊறிக் குமட்டியது. கழுத்துத் தசைகளை லோரெட்டா ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அழுத்தினார். படிப்பு பதினைந்து நிமிடம், ஓய்வு ஐந்து நிமிடம். சரியான நேரத்துக்குத் தூக்கம். இவ்வளவுதான். ஆனால் இதை ஒருநாள் விடாமல் மூன்று பேருக்கு, விடுமுறையிலும் வந்து, செய்துகொடுக்க ஒருவர் வேண்டுமே. ஊரே வீட்டில் விருந்து சமைக்கும் நன்றி நவிலல் நாளன்றுகூடக் காலையில் வந்து கதவைத் திறந்தார். வீட்டில் வான்கோழி அடுப்பில் இருக்கிறது, கருகினால் உங்களால்தான் என்று திட்டிக்கொண்டே கழுத்தை அழுத்தினார்.

இரண்டு சைக்கிள்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் வெண்டல், ஒன்றில் தாட். பதினோரு நாள் தாட் பேசவில்லை. மிதிப்பான், இறங்குவான், போவான். பன்னிரண்டாம் நாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"இந்தச் சைக்கிளுக்கும் ரிவர்ஸ் இல்லைடா."

வெண்டலுக்குச் சிரிப்பு பொங்கியது. நாடி நூற்று இருபதைத் தொட, இயந்திரம் கூவியது. "எவண்டா அவன் சிரிக்க வெச்சது?" என்று உள்ளேயிருந்து லோரெட்டா கத்தினார். அன்று மாலை தலையணையும் போர்வையும் பழைய அறைக்குத் திரும்பி வந்தன.

ஆனால் வெண்டலை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. தலைவலி குறைந்தது. வெளிச்சம் பரவாயில்லை. இருந்தாலும் தன் மூளை முழுசாகத் திரும்பியிருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? ஆகஸ்டில் ஒரு தடவையாவது நேர்மையாக எழுதியிருந்தால், நான் இவ்வளவு இருந்தேன் என்று காட்ட ஒரு அளவு இருந்திருக்கும். மூன்று வருடமும் தன்னைத் தானே குறைத்து எழுதி, தான் யாரென்பதையே அழித்து வைத்திருந்தான். ஒரு சூத்திரம் நினைவுக்கு வராத ஒவ்வொரு நேரமும், இது முன்பே எனக்கு வராதா, இல்லை போய்விட்டதா என்று பயந்தான்.

"எனக்கும்தான் தெரியல" என்றார் லோரெட்டா. பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாதவர் அவர். "மேல ஏறிக்கிட்டே போகுதான்னு பாப்போம். எங்க நிக்குதோ அதுதான் நீ."

இதற்கிடையில் காப்பீட்டு நிறுவனத்தோடு அவர் ஒரு தனி யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு. மறுமுனையில் டௌட் என்றொரு அம்மாள். லோரெட்டா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு யாருக்காவது பட்டி சுற்றிக்கொண்டே பேசுவார்.

"காயம் பட்ட தேதி அப்படீங்கற கட்டத்துல நீங்க ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கீங்க மேடம்."

"ஆமா. எடம் பத்தல."

"ஒரு தேதிதான் போடணும்."

"எந்த ஒண்ணைப் போட? ஆகஸ்ட் ஒன்பதுலேருந்து அக்டோபர் இருபத்தெட்டு வரைக்கும் அம்பத்தாறு நாள் இவன் முட்டியிருக்கான். எல்லாத்தையும் எழுதியிருக்கேன். ஞாயித்துக்கிழமைகளையும் லீவு நாளையும் விட்டுட்டேன்."

"எந்த நாள் அடி பலமா இருந்துச்சு?"

"ஒரு நாளும் பலமா இல்ல. அதுதான் விஷயமே. மேடம், உங்க வீட்டுக் குழாய் மூணு மாசம் சொட்டிக்கிட்டே இருந்து கூரை இறங்கிடுச்சுன்னு வெச்சுக்கங்க. எந்தச் சொட்டுன்னு கேப்பீங்களா?"

"எங்க வீட்டுல நிஜமாவே அப்படி ஆச்சு" என்றார் டௌட் அம்மாள். "அதுக்கும் பணம் தரல."

லோரெட்டா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாளின் குரல் கொஞ்சம் இளகியது. "பாருங்க, நான் எழுதறதை மேல இருக்கிற டாக்டர் பாக்கணும். ஆகஸ்ட் மார்க்கு பொய்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப முன்னாடி நல்லா இருந்தான்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"பின்னாடி நல்லா ஆனா?" என்றார் லோரெட்டா. "அக்டோபர்ல அறுபத்தேழு. அது வேணும்னே போட்டது இல்ல, எந்தெந்த வார்த்தைன்னு பாத்துட்டேன், கண்டபடி மறந்திருக்கான். இப்ப குணமாகி நல்லா ஏறி வந்தா, நடுவுல கீழே கெடந்திருக்கான்னுதானே அர்த்தம்?"

"அனுப்புங்க. பாக்கறேன்."

பிப்ரவரி மூன்றாம் வாரம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, வெண்டல் மறுபடி அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். மருத்துவமனைக் கடன் அவன் நினைவிலேயே இல்லை. மதிப்பெண் ஏறாவிட்டால்? எழுபதிலேயே நின்றுவிட்டால், மிச்ச வாழ்க்கைக்கும் அதுதான் அவன்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. பிறகு கேள்விகள். நாலாவது வார்த்தை வந்தபோது அவன் விரல் தானாகவே 'இல்லை' பக்கம் நகர்ந்தது. மூன்று வருடப் பழக்கம். விரலைத் தூக்கினான். ஏணி. ஏணி என்ற வார்த்தை வந்தது, நன்றாக ஞாபகம் இருந்தது. 'ஆமாம்' என்று அழுத்தினான். ஏழாவதும் இருந்தது. பத்தாவதும் இருந்தது. தனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

முடிந்ததும் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். திரையைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"தொண்ணூத்தி மூணு" என்றார் லோரெட்டா.

அவன் திரும்பவில்லை.

"காது கேக்குதா? தொண்ணூத்தி மூணு. தடிப்பயலே, இவ்வளவு மூளையை வெச்சுக்கிட்டா என்கிட்ட அறுபத்தெட்டுன்னு காட்டினே?" சொல்லிவிட்டு உடனே அச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாட் எண்பத்தாறு வாங்கினான். ஏழு மார்க்கு என் ஜோக்குக்குப் போட மறந்துட்டாங்க என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மூன்றாமவனும் ஏறினான். அந்த வசந்தகாலத்தில் பயிற்சியாளர் ரிக்ஸ் ஒரு புது விதி கொண்டுவந்தார். முன்வரிசை இனி வாரத்தில் ஒரே நாள்தான் முட்டும். மற்ற நாட்களில் நிமிர்ந்து நின்று, கையால் மட்டும். காரணம் சொல்லவில்லை. ஆனால் லோரெட்டாவின் அறைக்கு வெளியே அந்த விதி எழுதிய தாளை ரிக்ஸே கொண்டுவந்து, நாலு மூலையும் ஒழுங்காகப் படியும்படி, பார்த்துப் பார்த்து ஒட்டியதை வெண்டல் பார்த்தான். மறுபடி ஆடுவதா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. தடை முடிய மாதங்கள் கிடந்தன. வேதியியல் ஆசிரியை கோடைக்காலத்துக்கு ஆய்வகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றார். அதற்குச் சரி என்றான்.

மார்ச் நாலாம் தேதி காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. காயம் பட்ட தேதி என்ற கட்டத்தில் டௌட் அம்மாள் ஆகஸ்ட் ஒன்பது என்று போட்டு, பக்கத்தில் 'முதல்' என்ற ஒரு சொல்லைத் தட்டச்சு செய்திருந்தார். முழுத்தொகையும் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது.

வெண்டல் லோரெட்டாவின் அறையிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டான். ஆலையில் இடைவேளை நேரம். பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம்.

"மா, அந்த ஆஸ்பத்திரிக் கடன் முடிஞ்சுது."

"யாரு கட்டினா?"

"இன்சூரன்ஸ்காரங்க."

"முழுசாவா?"

"முழுசா."

"டேய், நீ உக்காந்திருக்கியா, நிக்கறியா? தலை கிலை சுத்தலையே?"

"இல்லம்மா. லோரெட்டா பக்கத்துலதான் இருக்காங்க. வேணா கேளு."

"குடு அவங்ககிட்ட" என்றாள் அம்மா.

வெண்டல் தொலைபேசியை நீட்டினான். லோரெட்டா ஒரு கையில் பட்டிச் சுருளோடு, தோளுக்கும் காதுக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டார். "ஆமாங்க" என்றார். "ஆமாங்க, அந்த அம்பது சென்ட்டும் சேத்துதான்."